இணையத்தை அணைத்தால் தெரு அணையுமா?

2025 செப்டம்பர் 4 அன்று நேபாள அரசு 26 தளங்களையும் செயலிகளையும் முடக்க உத்தரவிட்டது. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டாகிராம், எக்ஸ் எல்லாம் பட்டியலில் இருந்தன. கூடவே ‘ஹம்ரோ பாத்ரோ’ என்றொரு பெயரும் இருந்தது. அது நேபாளிகள் திதியும் பண்டிகையும் பார்க்கும் நாட்காட்டிச் செயலி. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைத் தடை செய்தது போல.

நான்கு நாள் கழித்து, 8ஆம் தேதி, பள்ளிச் சீருடை அணிந்த பிள்ளைகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் காட்மாண்டு நாடாளுமன்றத்தை நோக்கிப் போனார்கள். அன்று மட்டும் துப்பாக்கிச் சூட்டில் 19 பேர் இறந்தனர். இரவோடு இரவாகத் தடை நீக்கப்பட்டது. மறுநாள் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார். நாடாளுமன்றமும் அரசுத் தலைமையகமான சிங்க தர்பாரும் எரிந்தன. 12ஆம் தேதி முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி இடைக்காலப் பிரதமராகப் பதவியேற்றார்.

‘சோஷியல் மீடியாவைத் தடை செய்தார்கள், ஆட்சி கவிழ்ந்தது’ என்று ஒரே வரியில் பல செய்திகள் இதை முடித்துவிட்டன. 2011இல் எகிப்துக்கு ‘ஃபேஸ்புக் புரட்சி’ என்று பெயர் சூட்டியவர்களும் இப்படித்தான் செய்தார்கள். இரண்டு இடத்திலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, ‘தடை’ என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## ‘இணையத் தடை’ என்பது மூன்று வேறு விஷயங்கள்

செய்திகளில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். நடைமுறையில் மூன்றுக்கும் விளைவுகள் வேறு.

1. தளத்தடை. இணைய இணைப்பு இருக்கும். குறிப்பிட்ட தளங்கள் மட்டும் திறக்காது. ‘இந்த முகவரியைக் கேட்டால் வழி காட்டாதே’ என்று இணைப்பு தரும் நிறுவனங்களுக்கு அரசு உத்தரவிடுகிறது. வி.பி.என். போட்டால் தாண்டிவிடலாம். உங்கள் கோரிக்கை உறையிட்ட கடிதம்போல வெளிநாட்டு சர்வர் ஒன்றுக்குப் போய், அங்கிருந்து ஃபேஸ்புக்குக்குப் போகும். தடுப்பவருக்கு உறை தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. இலங்கை 2022இலும் நேபாளம் 2025இலும் செய்தது இதைத்தான்.

2. வேகக் குறைப்பு. இணையம் இருக்கும், ஆனால் ஊர்ந்து போகும். எழுத்துச் செய்தி போய்ச் சேரும். காணொளி சுற்றிக்கொண்டே இருக்கும். காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் தொடங்கி மாதக்கணக்கில் இணையமே இல்லை. 2020 ஜனவரியில் 2ஜி மட்டும் திரும்பி வந்தது. 4ஜி வந்து சேர 2021 பிப்ரவரி ஆயிற்று.

3. முழு முடக்கம். நாடே வரைபடத்திலிருந்து மறைந்துவிடும். உலகிலுள்ள ஒவ்வொரு வலையமைப்பும் ‘என்னிடம் வர வேண்டுமானால் இந்த வழியாக வா’ என்று மற்றவற்றுக்கு ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டால் வெளியுலகுக்கு அப்படி ஒரு இடமே இல்லை. இங்கே வி.பி.என். உதவாது. வழியே இல்லாதபோது உறை போட்டு என்ன பயன்?

எகிப்தில் நடந்தது மூன்றாவது வகை. 2011 ஜனவரி 28, கெய்ரோ நேரம் நள்ளிரவு 12.34. சில நிமிடங்களுக்குள் ஏறத்தாழ 3,500 வழி அறிவிப்புகள் ஒவ்வொரு நிறுவனமாக மறைந்தன. நூர் என்ற ஒரே ஒரு நிறுவனம் மட்டும் இன்னும் சில நாள் ஓடிக்கொண்டிருந்தது. எகிப்தின் பங்குச் சந்தை அதன் வாடிக்கையாளர். மக்கள் பேசக்கூடாது, வியாபாரம் நிற்கக்கூடாது என்ற அந்த அரசின் இக்கட்டு இந்த ஒரு விவரத்தில் அப்படியே தெரிகிறது.

## ஊரறிந்த ரகசியம்

ஒரு சமூக ஊடகப் பதிவு மக்களைத் தெருவுக்குக் கொண்டுவருவது எப்படி? ‘தகவல் பரவுகிறது’ என்பது வழக்கமான பதில். அது போதாது. எகிப்தின் ஜனாதிபதி முபாரக்கின் காவல்துறை அடிக்கும் என்பது 2010இல் எகிப்தியர் எல்லோருக்கும் தெரியும். அரசியல்வாதி வீட்டுப் பிள்ளைகள் எப்படி வாழ்கிறார்கள் என்பதும் நேபாளத்தில் யாருக்கும் புதுச் செய்தி அன்று.

தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: ஊரறிந்த ரகசியம். எல்லோருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் தனக்குத் தெரியும் என்று அறிவார். மற்றவருக்கும் அதே கோபம் இருக்கிறதா, இறங்கினால் அவரும் வருவாரா என்பதுதான் தெரியாது. சர்வாதிகாரம் பெரும்பாலும் இந்தத் தெரியாமையின் மேல்தான் நிற்கிறது. ஐம்பது பேர் போனால் ஐம்பது பேரும் சிறைக்குப் போவார்கள். ஐந்து லட்சம் பேர் போனால் சிறையில் இடமிருக்காது. ஐந்து லட்சம் பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஒவ்வொருவரும் வருவார். தெரியாததால் வீட்டில் இருக்கிறார்.

அந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் சமூக ஊடகத்தின் வேலை. ஒரு பதிவுக்குக் கீழே இரண்டு லட்சம் பேர் விருப்பக்குறி இட்டிருப்பதை நான் பார்க்கிறேன். நான் பார்ப்பதைப் போல மற்றவர்களும் பார்க்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரிகிறது. ரகசியம் ரகசியமாக இல்லாமல் போகிறது. கோபம் ஏற்கெனவே இருந்ததுதான். தனியாள் இல்லை என்ற எண்ணம்தான் புதிது.

நேபாளத்தில் அதைச் செய்தது ஒரு ஹேஷ்டேக். தலைவர் வீட்டு வாரிசுகளின் படங்களைத் தேடி எடுத்து, ‘நெப்போ கிட்ஸ்’ என்று பெயர் சூட்டி, டிக்டாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஓடவிட்டார்கள். விலையுயர்ந்த அந்நிய பிராண்டுகளின் பெட்டிகளை அடுக்கி கிறிஸ்துமஸ் மரம்போல் நிறுத்தி, பக்கத்தில் ஓர் இளைஞர் நிற்கும் படம் எங்கும் சுற்றியது. பார்த்தவர்களில் பலருக்கு அண்ணனோ அப்பாவோ கத்தாரிலும் மலேசியாவிலும் கூலி வேலையில் இருந்தார்கள். வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் அந்நாட்டின் உற்பத்தி மதிப்பில் நான்கில் ஒரு பங்கையும் தாண்டும். அந்தக் குடும்பங்களுக்கு வாட்ஸ்அப் பொழுதுபோக்கு இல்லை. வீட்டின் கூடமே அதுதான். அரசு பூட்டியது அந்தக் கூடத்தை.

உண்மையைச் சொல்வதானால், அரசின் தரப்பில் சட்டக் காரணம் இல்லாமலில்லை. நிறுவனங்கள் நேபாளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருந்தது. கொடுத்த ஏழு நாள் கெடுவுக்குள் பெரிய நிறுவனங்கள் பதிவு செய்யவில்லை. ஏற்கெனவே பதிவு செய்திருந்த டிக்டாக் தடைக்குத் தப்பியது. ஆக, வாரிசுகளின் படங்கள் சுற்றிக்கொண்டிருந்த கடையே திறந்து கிடக்க, அப்பா பேசும் தொலைபேசி மட்டும் அடைபட்டது. வேண்டுமென்றே திட்டமிட்டாலும் இதைவிட மோசமாகச் செய்ய முடியாது.

## கடலைப் பார்த்து நின்றவர்கள்

எகிப்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ‘ஃபேஸ்புக் புரட்சி’ என்ற பெயர் எங்கே பொருந்துகிறது, எங்கே பிய்ந்துபோகிறது என்பது அங்கேதான் துல்லியமாகத் தெரியும்.

2010 ஜூன் 6 அன்று அலெக்சாந்திரியாவில் ஓர் இணைய மையத்திலிருந்து காலித் சயீத் என்ற 28 வயது இளைஞரை இரண்டு காவலர்கள் இழுத்துப்போய் அடித்துக் கொன்றார்கள். போதைப் பொட்டலத்தை விழுங்கி மூச்சடைத்தது என்றது காவல்துறை. பிணவறையில் எடுத்த அவரது சிதைந்த முகத்தின் படம் வேறு கதை சொன்னது. துபாயிலிருந்த கூகுள் அலுவலர் வாயெல் கோனிம் தன் பெயரைச் சொல்லாமல் ஒரு ஃபேஸ்புக் பக்கம் தொடங்கினார்: ‘நாமெல்லாம் காலித் சயீத்.’ 

பக்கம் முதலில் ஊர்வலத்துக்கு அழைக்கவில்லை. அன்று எகிப்தில் அவசரநிலைச் சட்டம். கூட்டம் கூடினாலே குற்றம். எனவே கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலைக்கு வாருங்கள், தெருவுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு ஒரு மணி நேரம் நில்லுங்கள், கோஷம் வேண்டாம் என்றது. குரானோ பைபிளோ கையில் வைத்துப் படித்துக்கொண்டும் சிலர் நின்றார்கள். காவல்துறைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடலைப் பார்ப்பது எந்தப் பிரிவின் கீழ் குற்றம்? படங்கள் அன்றிரவே பக்கத்தில் ஏறின. வராதவர்கள் எண்ணிப் பார்த்தார்கள்: இத்தனை பேரா! அடுத்த முறை இன்னும் கொஞ்சம் பேர் வந்தார்கள். அச்சம் இப்படித்தான் படிப்படியாக உதிர்ந்தது.

2011 ஜனவரி 14 அன்று மக்கள் எழுச்சியால் துனிசியாவின் ஜனாதிபதி பென் அலி நாட்டைவிட்டு ஓடினார். காவலர் தினமான ஜனவரி 25ஐ எதிர்ப்பு நாளாக அந்தப் பக்கம் அறிவித்தது. கெய்ரோவில் கூட வேண்டிய இடங்களின் பட்டியல் வெளிப்படையாகவே இணையத்தில் போடப்பட்டது. இருபது இடங்கள். காவல்துறையும் அதைப் படித்தது. இருபது இடத்திலும் முன்கூட்டியே போய் நின்றது.

ஏற்பாட்டாளர்கள் இருபத்தொன்றாவது இடத்தையும் வைத்திருந்தார்கள். அது எந்தத் தளத்திலும் இல்லை. பூலாக் அல்-தக்ரூர் என்ற நெரிசலான ஏழைக் குடியிருப்பில், ஒரு மிட்டாய்க் கடைக்கு அருகே. வாய்மொழியாக மட்டும் சொல்லப்பட்ட அந்த இடத்திலிருந்து கிளம்பிய சிறு கூட்டம், சந்து சந்தாக ஆள் சேர்த்துக்கொண்டு, காவலர்கள் சுதாரிப்பதற்குள் தஹ்ரீர் சதுக்கத்தை எட்டியது. ஃபேஸ்புக் காவல்துறையை இருபது இடங்களில் கட்டிப்போட்டது. சதுக்கத்துக்கு வழி திறந்தது காதோடு காதாகச் சொன்ன இடம். இணையத்தையும் தெருவையும் எதிரெதிர் அணிகளாக நிறுத்திப் பேசும் வாதங்கள் இந்த ஒரு நாளின் முன்னாலேயே நிற்காது.

28ஆம் தேதி முழு முடக்கம் வந்தது. கைபேசிச் சேவையும் போயிற்று. பிள்ளை எங்கே போனானோ என்று பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பார்க்க எதுவும் இல்லை. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நேரே போய்த்தான் ஆக வேண்டும். எல்லோரும் தஹ்ரீருக்குப் போக முடியாததால் அவரவர் பேட்டையிலேயே கூடினார்கள். நாவித் ஹசன்பூர் என்ற ஆய்வாளர் பின்னர் இதை ஆராய்ந்தார். முடக்கத்துக்குப் பிறகு எதிர்ப்பு குறையவில்லை, ஒரே சதுக்கத்திலிருந்து நகரமெங்கும் சிதறிப் பெருகியது என்பது அவருடைய முடிவு. பிப்ரவரி 2இல் இணையம் திரும்பியது. அந்த ஐந்து நாளின் நேரடி இழப்பு மட்டும் ஏறத்தாழ 9 கோடி டாலர் என்று பன்னாட்டுப் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி. மதிப்பிட்டது. 11ஆம் தேதி முபாரக் பதவியை விட்டார்.

இன்னொன்றும் உண்டு, ஃபேஸ்புக் கதையில் இது வழக்கமாக விட்டுப்போகும். மஹல்லா அல்-குப்ரா என்ற எகிப்திய நகரின் நெசவாலைத் தொழிலாளர்கள் 2006 முதலே வேலைநிறுத்தம் செய்து வந்தார்கள். 2008இல் அவர்களுக்கு ஆதரவாகத் தொடங்கியதுதான் ‘ஏப்ரல் 6 இளைஞர் இயக்கம்’. முபாரக்கின் கடைசி நாட்களில் தொழிற்சாலைகளும் சூயஸ் கால்வாய் சார்ந்த பணிமனைகளும் வேலைநிறுத்தத்தில் இறங்கிய பிறகுதான் ராணுவம் கணக்கை மாற்றிப் போட்டது. ஆலையின் சங்கு நின்றது சேனாதிபதிகளுக்குக் கேட்டது. ஹேஷ்டேக் கேட்டிருக்குமா என்பது சந்தேகம்.

## அமைச்சரே வி.பி.என். போட்ட நாள்

2022 மார்ச் மாதம் இலங்கையில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு. சமையல் எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கும் வரிசை. மார்ச் 31 இரவு, மிரிஹானையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவின் தனிப்பட்ட வீட்டுக்குப் போகும் தெருவில் மக்கள் கூடினார்கள். ஃபேஸ்புக் நேரலையில் அதைப் பார்த்துவிட்டே பலர் கிளம்பி வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த நாள் அவசரகாலச் சட்டம். அதற்கடுத்து ஊரடங்கு. ஏப்ரல் 3 ஞாயிறன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப், ட்விட்டர் எல்லாம் முடங்கின. பாதுகாப்பு அமைச்சின் கோரிக்கையின் பேரில் என்றது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழு. அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ச, ஜனாதிபதியின் அண்ணன் மகன், ட்விட்டரில் எழுதினார்: சமூக ஊடகத் தடையைத் தாம் ஏற்கவே மாட்டார், வி.பி.என். இருக்கும்போது இத்தகைய தடைகள் பயனற்றவை, தாமும் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறார்.

முடக்கிய அரசின் அமைச்சரே முடக்கத்தைத் தாண்டிவந்து முடக்கம் வீண் என்று அறிவித்தார். சுமார் 15 மணி நேரத்தில் தடை போயிற்று. அன்றிரவே பிரதமரைத் தவிர அமைச்சரவை முழுவதும் பதவி விலகியது.

ஏப்ரல் 9 முதல் கொழும்புக் கடற்கரையிலுள்ள காலிமுகத்திடலில் ‘கோட்டா கோ கம’ முளைத்தது. ‘கம’ என்றால் சிங்களத்தில் ஊர். நூலகம், சமையல் கொட்டகை, முதலுதவிக் கூடாரம், சட்ட உதவி என்று ஊராகவே ஆனது. ஹேஷ்டேக்காக ஓடிய ‘கோட்டா கோ ஹோம்’ ஒரு முகவரியானது. ஆனால் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த ஜூலை 9ஐ நினைத்துப் பாருங்கள். அத்தியாவசியமற்ற வாகனங்களுக்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டிருந்த வாரம் அது. அன்று கொழும்புக்கு வந்தவர்கள் நிலையங்களில் திரண்டு ரயிலை ஓடவைத்து வந்தார்கள், லாரியில் தொற்றிக்கொண்டு வந்தார்கள், சைக்கிளிலும் நடந்தும் வந்தார்கள். முந்தைய இரவு போட்ட ஊரடங்கு சட்டவிரோதம் என்று சட்டத்தரணிகள் சங்கம் எதிர்த்ததால் காலையில் விலக்கப்பட்டிருந்தது. இடையில் ஏப்ரல் 28லும் மே 6லும் தொழிற்சங்கங்கள் நாட்டையே நிறுத்திக் காட்டியிருந்தன. அழைப்பு கைபேசியில் வந்தது. வந்து சேர ரயில்வே ஊழியரும், வழக்கறிஞரும், சங்கமும் வேண்டியிருந்தார்கள்.

## தடை ஏன் பூமராங் ஆகிறது, எப்போது ஆவதில்லை

பங்களாதேஷின் 2024 ஜூலை இதற்கு மிக நல்ல பாடம். இட ஒதுக்கீட்டை எதிர்த்த மாணவர் போராட்டத்தில், ஜூலை 16 அன்று ரங்பூரில் அபு சயீத் என்ற மாணவர் இரு கைகளையும் விரித்து நின்றபடி சுடப்பட்ட காட்சி நாடெங்கும் பரவியது. 18ஆம் தேதி இரவு நாடு முழுக்க இணையம் போயிற்று. தரவு மையத்தில் வைத்த தீதான் காரணம் என்றார் அமைச்சர். ஆட்சி மாறிய பின் நடந்த விசாரணை, அரசின் உத்தரவுதான் காரணம் என்றது.

அந்த நாட்களில் டாக்காவின் நடுத்தர வீடுகளில் என்ன ஆயிற்று? அங்கே பல வீடுகளில் முன்பணம் கட்டி ஓடும் மின்மீட்டர். கைபேசியில் பணம் கட்டி நிரப்புவது வழக்கம். இணையம் இல்லாததால் நிரப்ப முடியவில்லை. இருப்பு தீர்ந்ததும் வீடு இருண்டது. மாணவர் போராட்டத்தில் அதுவரை எந்தக் கருத்தும் இல்லாத குடும்பத் தலைவர், ஊரடங்கு தளர்ந்த நேரத்தில் மின் அலுவலக வாசலில் வரிசையில் நின்றார்.

பூமராங் ஆவதற்கான காரணங்கள்:

1. நடுநிலையாளரைத் தேடிப் போய்த் தொடுகிறது. கடை, கூலி, மருத்துவம், வெளிநாட்டுப் பேச்சு எல்லாம் ஒரே குழாயில் ஓடும்போது ஒரு பகுதியை மட்டும் அடைக்க முடியாது.
2. அரசு பயந்துவிட்டது என்று அரசே அறிவிக்கிறது. ஊரறிந்த ரகசியத்தை உடைக்க இதைவிடப் பெரிய பதிவு கிடையாது.
3. வதந்தியை மறுக்கும் வழியும் சேர்ந்தே அடைபடுகிறது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு ஒவ்வொரு தெருவும் ஒரு எண் சொல்லும்.

ஜூலை 30 அன்று பிரதமர் ஷேக் ஹசீனாவின் அரசு துக்க நாள் அறிவித்தது. மாணவர்கள் கறுப்பை மறுத்து, முகப்புப் படத்தைச் சிவப்பாக்கச் சொன்னார்கள். ஃபேஸ்புக் அன்றும் அதிகாரபூர்வமாக முடங்கித்தான் இருந்தது. வி.பி.என். வழியே வந்து, பேராசிரியர்களும் நடிகர்களும் இல்லத்தரசிகளும் சிவப்பானார்கள். தடை செய்யப்பட்ட தளத்தில் கணக்கெடுப்பு நடந்தது. ஆகஸ்ட் 5 அன்று ஹசீனா இந்தியாவுக்குப் பறந்தார். ஜூலை, ஆகஸ்ட் வன்முறையில் 1,400 பேர்வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்பது ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் கணிப்பு.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘முடக்கினால் ஆட்சி விழும்’ என்று சூத்திரம் எழுதிவிடக்கூடாது. 2019 நவம்பரில் ஈரானில் பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்துக் கலகம் வெடித்தபோது ஏறத்தாழ ஒரு வாரம் வெளியுலக இணையத்தைத் துண்டித்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதை மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி பதிவு செய்தது. ஆட்சி அசையவில்லை. எகிப்திடம் இல்லாதது ஒன்று ஈரானிடம் இருந்தது: பல ஆண்டுகளாகக் கட்டிய உள்நாட்டு வலையமைப்பு. வெளியே போகும் கதவைச் சாத்தினாலும் உள்ளே வங்கிகள் ஓடும். மியான்மரில் 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த கையோடு இணையத்தை வெட்டியது, இன்றுவரை வெட்டிக்கொண்டிருக்கிறது. 2024இல் உலகிலேயே அதிகமாக, 85 முறை, இணையம் முடக்கப்பட்ட நாடு அதுதான் என்றது இணைய உரிமைகளைக் கண்காணிக்கும் ஆக்சஸ் நவ் அமைப்பு. ஒன்றே ஒன்று குறைவாக, 84 முறையுடன், அடுத்த இடத்தில் இந்தியா.

ஆனால் வேறுபாடு வலையமைப்பில் மட்டும் இல்லை, அதைவிட அதிகமாகத் துப்பாக்கி வைத்திருப்பவரிடம் இருக்கிறது. கெய்ரோவிலும் கொழும்பிலும் டாக்காவிலும் ஒரு கட்டத்தில் ராணுவம் இனிச் சுடுவதில்லை என்று ஒதுங்கியது. தெஹ்ரானிலும் யாங்கோனிலும் ஒதுங்கவில்லை.

## கூட்டம் கூடிவிட்டது, பேச யார் போவது?

2017 ஜனவரியில் சென்னை மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியவர்களை நினைவிருக்கும். தெருவிளக்கை அணைத்தார்கள், கைபேசி விளக்குகள் எரிந்தன. தலைவர் யாருமில்லை என்பது அந்தக் கூட்டத்தின் பெருமை. அவசரச் சட்டம் வந்த பிறகு அதுவே சிக்கலானது. ‘ஜெயித்துவிட்டோம், வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்ல அதிகாரம் உள்ள ஒருவரும் கரையில் இல்லை. 23ஆம் தேதி காலை காவல்துறை புகுந்தது. சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மணலில் மிச்சமிருந்தவர்களுக்கு விளக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வர வேண்டியிருந்தது.

கட்சியோ சங்கமோ ஆயிரம் பேரைத் திரட்ட ஓராண்டு ஆகலாம். அந்த ஓராண்டில் யார் நம்பகமானவர், யார் பின்வாங்குவார், எதில் விட்டுக்கொடுக்கலாம் என்பதெல்லாம் சண்டை போட்டுத் தெரிந்துவிடும். ஹேஷ்டேக் ஒரே வாரத்தில் லட்சம் பேரைத் திரட்டுகிறது; அந்தச் சண்டை மட்டும் நடப்பதில்லை. பின்னால், மிக மோசமான நேரத்தில் நடக்கிறது.

எகிப்தில் 2012 ஜனாதிபதித் தேர்தலில் புரட்சியாளர்களின் வாக்கு சபாஹி, அபுல் ஃபுதூஹ் என இரண்டாகப் பிரிந்தது. இறுதிச் சுற்றுக்குப் போனவர்கள் எண்பது ஆண்டுக் கட்டமைப்புள்ள முஸ்லிம் சகோதரத்துவத்தின் முர்சியும், முபாரக்கின் கடைசிப் பிரதமரும். 2013 ஜூலையில் ராணுவம் முர்சியையும் இறக்கியது. விடுதலைக்கு இணையமே போதும் என்று 2011இல் சொன்ன கோனிம், சில ஆண்டுகள் கழித்துத் தாம் நினைத்தது தவறு என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டார்.

இலங்கையில் கோட்டாபய நாட்டைவிட்டு ஓடிப் பதவி விலகிய பின் 2022 ஜூலை 20 அன்று நாடாளுமன்றம் வாக்களித்தது. ரணில் விக்ரமசிங்க 134 வாக்குகளுடன் ஜனாதிபதியானார். இரண்டு நாளில் விடியும் முன்பே காலிமுகத்திடலுக்குள் படையினர் நுழைந்தார்கள். அந்த வாக்கெடுப்பில் அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 3 வாக்கு. 2024 செப்டம்பரில் நாடு வாக்களித்தபோது ஜனாதிபதியானவர் அவர். இடைப்பட்ட இரண்டு ஆண்டில் நடந்தது கிராமம் கிராமமாக ஆள் சேர்த்த பழைய பாணி வேலை.

நேபாளத்தில் இந்த இடைவெளியை டிஸ்கார்டில் நிரப்பப் பார்த்தார்கள். கணினி விளையாட்டு ஆடுபவர்கள் பேசிக்கொள்ளப் பயன்படும் செயலி அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்த அரட்டை அறையில் பெயர்கள் முன்வைக்கப்பட்டு, விவாதம் நடந்து, வாக்கெடுப்பில் கார்கி முந்தினார். யார் நேபாளி, யார் நள்ளிரவில் வேடிக்கை பார்க்க வந்த அந்நியர் என்று சரிபார்க்க வழியில்லை. இருந்தாலும் ராணுவத்திடமும் ஜனாதிபதியிடமும் எடுத்துப்போக ஒரு பெயர் கிடைத்தது. தஹ்ரீருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. பெயர் தந்தது செயலி; பதவி தந்தது ஜனாதிபதியின் கையெழுத்து. 2026 மார்ச் 5 தேர்தல் நாளாகக் குறிக்கப்பட்டது.

## எட்டாத இடம்

சமூக ஊடகம் என்ற இந்தக் குழாயில் எது வேண்டுமானாலும் ஓடும். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகள் ஃபேஸ்புக்கில் தடையில்லாமல் சுற்றின. அரசு தளத்தை முடக்கியது. தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக 2020இல் ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. ‘எந்தத் தடையும் தப்பு’ என்று எளிதாகச் சொல்லிவிட முடியாமல் போவது இதனால்தான். அதே இலங்கை 2024 ஜனவரியில் இணையப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது, அது அடுத்த திகனையைத் தடுக்கவா, அடுத்த காலிமுகத்திடலைத் தடுக்கவா என்று கேட்டவர்கள் பலர்.

ஊரறிந்த ரகசியம் உடைவதற்கு அது ஊரறிந்ததாக இருக்க வேண்டும். இலங்கையின் வடக்கில் வேறொரு போராட்டம் 2017 பிப்ரவரி 20 முதல் நடந்துகொண்டிருந்தது. கிளிநொச்சியில் சாலையோரக் கொட்டகையில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்கள் பிள்ளைகளின் படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போர் முடிந்த காலத்தில் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபயவிடம் அவர்களுக்கும் கேள்வி இருந்தது. மிரிஹானையில் கூட்டம் கூடிய இரவுக்குள் அந்தக் கொட்டகை ஐந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அவர்களிடமும் கைபேசி இருந்தது, அவர்களும் படம் போட்டார்கள். பதிவு தமிழில் இருந்தது. தமிழ்த் திரைகளிலேயே சுற்றி நின்றது. தெற்கில் பெரும்பான்மையினர் அறியாத துயரத்தை எந்த ஹேஷ்டேக்கும் தூக்கிப்போய் நிறுத்தவில்லை.

2022 மே 18 அன்று காலிமுகத்திடலில், போரில் இறந்த தமிழர் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். சிங்கள இளைஞர்களும் வாங்கிக் குடித்தார்கள். தீ மூட்டி, பானை வைத்து, அரிசி போட்டு, நேருக்கு நேர் கையில் கொடுத்தது. அந்தப் படங்கள் பிறகு இரு மொழித் திரைகளிலும் ஓடின. ஜூலையில் கோட்டாபய மாலைதீவு வழியே சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த பிறகும், கிளிநொச்சிக் கொட்டகையில் தாய்மார்கள் நாளெண்ணிக்கைப் பலகையை மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள்.